ஒரே படத்தை எத்தனை தரம் வாங்குவது?

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரே படம் நாலு தரம் கிடக்கிறது. அப்பாவுக்கு உயிரான ஒரு கறுப்பு வெள்ளை சிவாஜி படம். முதலாவது வீடியோ கசெற், முதுகில் ஒட்டிய தாளில் அப்பாவின் சரிந்த கையெழுத்து. இரண்டாவது மூன்று தட்டாக வந்த விசிடி, அதில் நடுத்தட்டைக் காணவில்லை. மூன்றாவது டிவிடி. நாலாவதும் டிவிடிதான், ஆனால் அது கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற மாமா கொண்டுவந்தது, அதற்கு ஒரு தனிக்கதை இருக்கிறது. ஐந்தாவது ஒன்றும் உண்டு, அதை அலுமாரியில் வைக்க ஏலாது. தம்பி இணையக் கடை ஒன்றில் காசு கட்டி "வாங்கிய" படம் அது.

போன மாதம் சித்தப்பாவின் மகன், வயது பதினேழு, அலுமாரியைக் கிண்டிக்கொண்டு இருந்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, எல்லாம் ஒரே படம்தானே? ஏன் இத்தனை தரம் வாங்கினனியள்?" அந்த நேரம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், டெக் என்றால் என்ன, விசிடிக்கும் டிவிடிக்கும் என்ன வித்தியாசம், புளூரே எதற்கு வந்தது என்றெல்லாம் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்களுக்கும்தான். நாங்கள் காசைக் கொட்டிப் பட்டுத் தெளிந்தோம். அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலப் படம் எதுவும் கசெற்றிலோ தட்டிலோ பிறக்கவில்லை. 35 மில்லிமீற்றர் அகலமான ஃபிலிம் சுருளில், செக்கனுக்கு 24 படம் என்ற கணக்கில் கமெராவுக்குள் பதிந்தது. கமெராவுக்குள் ஓடிய அந்த நெகட்டிவ்தான் மூலம். தியேட்டருக்குப் போன சுருளும், பிறகு நாங்கள் வீட்டுக்கு வாங்கிவந்த எல்லாமும் அதிலிருந்து எடுத்த கொப்பிகள், அல்லது கொப்பியின் கொப்பிகள். ஆக, புதிதாக ஒரு வடிவம் வந்து கடைக்காரர் "இது அதைவிடத் திறம்" என்று சொல்லும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கொப்பியை எதிலிருந்து எடுத்தீர்கள்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சரி, கசெற்றுக்கு வருவோம். ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் விஎச்எஸ் கசெற்றை வெளியிட்டது. அதற்கு ஒரு வருடம் முன்னர் சொனியின் பீற்றாமக்ஸ் வந்திருந்தது, இரண்டுக்கும் நடந்த போட்டியில் விஎச்எஸ் வென்றது. அரை அங்குல அகலக் காந்த நாடா. கசெற்றைப் போட்டு ஓட்டுகிற இயந்திரம்தான் டெக். அதற்குள் ஓர் உருளை செக்கனுக்கு 25 தரம் சுற்றும், அந்த உருளையில் இருக்கும் ஹெட்தான் நாடாவைத் தடவித் தடவிப் படத்தை வாசிக்கும். ஹெட்டில் கொஞ்சம் தூசி பிடித்தால் ரீவியில் வெள்ளைப் பூச்சி பறக்கும், உடனே வீட்டில் இருக்கிற ஒரு நிபுணர் "ஹெட் ஊத்தை" என்று சொல்லிக்கொண்டு டெக்கின் மூடியைக் கழற்றத் தொடங்கிவிடுவார். எங்கள் வீட்டு நிபுணர் மாமாதான். அப்போது அவர் கனடா போகவில்லை.

1990க்குப் பிறகு, போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் இல்லாத காலம் அது. ரீவி, டெக், ஜெனறேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, அயலட்டைச் சனம் காசு சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று நாலு படம் பார்ப்போம். பெற்றோல் கொஞ்சம் விட்டு இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், அந்தப் புகை மணமும் இரைச்சலும் இல்லாமல் எனக்கு சிவாஜியின் முகம் ஞாபகம் வராது. ஜெனறேற்றர் இழுக்கும்போது ரீவியில் படமும் நாலு பக்கமும் சுருங்கும். அந்த நாட்களில்தான் அப்பா டவுனில் ஒரு கடையில் சொல்லிவைத்து அந்தக் கசெற்றை வாங்கினார். அசல் இல்லை, கொப்பி அடித்தது. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்ததை ஒருவர் அடித்து, அதிலிருந்து இன்னொருவர் அடித்து, எத்தனையாவது கைக்கு அது எங்கள் வீட்டுக்கு வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். காந்த நாடாவின் சாபம் இதுதான், ஒவ்வொரு தரம் கொப்பி அடிக்கும்போதும் படம் கொஞ்சம் மங்கும், கொஞ்சம் இரையும். போட்டோக்கொப்பியைத் திரும்பத் திரும்பப் போட்டோக்கொப்பி எடுத்துப் பாருங்கள், விளங்கும். எங்கள் கசெற்றில் கதாநாயகியின் மூக்குத்தி ஒருநாளும் தெரிந்ததில்லை. அவர் மூக்குத்தி போட்டிருக்கிறார் என்பதே எனக்கு டிவிடியில்தான் தெரியும்.

95 ஐப்பசியில் போரால் யாழ்ப்பாணச் சனம் வெளியேறிய இடப்பெயர்வில் அதை விட்டுவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலை இல்லை, கசெற் இருந்தது.

அடுத்தது விசிடி. அது 1993இலேயே உலகத்துக்கு வந்துவிட்டது, எங்கள் பக்கம் கடை கடையாகக் குவிந்தது 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்த பிறகு. சாதாரண சீடித் தட்டிலேயே படத்தைச் சுருக்கி எழுதுவதுதான் விசிடி. ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடம்தான் பிடிக்கும், அதனால்தான் எங்கள் மூன்று மணித்தியாலப் படம் மூன்று தட்டில் வந்தது, முக்கியமான ஒரு வசனத்தின் நடுவில் "தட்டு மாத்து" என்று யாரையாவது எழுப்ப வேண்டியும் வந்தது. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளி. அதாவது ஒரு காட்சியை ஏறத்தாழ ஒரு லட்சம் புள்ளிகளாகப் போட்டுக் காட்டுகிறது. உண்மையைச் சொன்னால் இது நல்ல கசெற் ஒன்றைவிடத் திறம் இல்லை. யாராவது ஓடினால், மழை பெய்தால், சண்டை நடந்தால் திரை கட்டம் கட்டமாக உடையும். ஆனாலும் எல்லாரும் வாங்கினோம். பின்னால் சுற்றத் தேவையில்லை, ஹெட் ஊத்தை இல்லை, மலிவு. புதிதாக வருவதெல்லாம் படத்தை வடிவாக்கத்தான் வருகிறது என்று நினைப்பவர்களுக்கு விசிடியை எடுத்துக் காட்டுங்கள்.

டிவிடியில்தான் உண்மையிலேயே கண் திறந்தது. ஜப்பானில் 1996 கடைசியில் வந்தது. இங்கே ஒரு சங்கதியைக் கவனியுங்கள். 1982இல் வந்த பாட்டுச் சீடி, விசிடி, டிவிடி, புளூரே, இன்றைய 4கே தட்டு (படத்தின் அகலத்தில் ஏறத்தாழ நாலாயிரம் புள்ளி) எல்லாமே 12 சென்றிமீற்றர் அகலம்தான். தட்டு பெருக்கவில்லை, எழுத்துத்தான் சிறுத்துக்கொண்டு போகிறது. ஒரே அளவு கொப்பி ஒற்றையில் முதலில் தடித்த மார்க்கரால் எழுதினோம், பிறகு போல்பொயின்ற் பேனையால், பிறகு ஊசி முனையால், அவ்வளவுதான். தட்டை வாசிக்கிற லேசர்க் கதிர் எவ்வளவு மெல்லிய புள்ளியாகக் குவிகிறதோ அவ்வளவு நெருக்கமாக எழுதலாம். சீடியில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர், டிவிடியில் 0.74, புளூரேயில் 0.32. சீடிக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், டிவிடிக்குச் சிவப்பு, புளூரேக்கு நீல ஊதா. பெயரே அதிலிருந்துதான் வந்தது. சீடியில் 700 மெகாபைற் என்றால் டிவிடியில் ஒரு படையில் 4.7 கிகாபைற், இரண்டு படையில் 8.5, புளூரேயில் 25 அல்லது 50, 4கே தட்டில் 100 வரை. இடம் கூடக் கூடப் புள்ளியும் கூடும். டிவிடியில் காட்சி ஒன்றுக்கு நாலு லட்சம் புள்ளி, புளூரேயில் இருபது லட்சம், 4கேயில் எண்பத்து மூன்று லட்சம்.

இப்போது மாமாவின் டிவிடி. 2004 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், அப்பாவுக்கென்று அந்தப் படத்தின் அசல் தட்டைக் கொண்டுவந்தார், கண்ணாடித் தாள்கூடக் கிழிக்கவில்லை. எல்லாரும் வட்டமாக இருந்து போட்டால், பிளேயர் தட்டைத் துப்பிவிட்டது. உலகத்தை டிவிடிக்காரர் வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. கனடாவும் அமெரிக்காவும் 1, இங்கிலாந்து 2, இலங்கையும் இந்தியாவும் 5. ஒரு வலயத்துக்கென்று பூட்டிய தட்டு இன்னொரு வலயத்துப் பிளேயரில் ஓடாது. தியேட்டரில் ஒரு நாட்டுக்கு முதலும் இன்னொரு நாட்டுக்குப் பிறகும் படத்தை விடுவதற்கு வசதியாக, ஒரு நாட்டின் மலிவுத் தட்டு மற்ற நாட்டுக்குப் போய் வியாபாரத்தைக் கெடுக்காமல் இருப்பதற்காகப் போட்ட வேலி. தமிழ்ப் படத் தட்டுகள் பலவற்றில் இந்தப் பூட்டு இருக்காது, எங்களுக்கு வாய்த்தது பூட்டியது. டவுனில் ஒரு கடைப் பெடியன் ரிமோட்டில் நாலு இலக்கத்தை அமத்தி ஒரு நிமிடத்தில் பூட்டைக் கழற்றிவிட்டான். அப்பா அவனுக்குக் கொடுத்த நூறு ரூபாய்தான் அந்தப் படத்துக்கு அவர் மனமாரக் கொடுத்த காசு என்று நினைக்கிறேன்.

அதோடு முடியவில்லை. மாமாவின் தட்டில் படம் கூட நேரம் ஓடியது. முன்னம் டவுனில் வாங்கிய டிவிடியைவிட ஏறத்தாழ ஏழு நிமிடம் கூட. ஏதோ வெட்டிய காட்சி இருக்கிறது என்று எல்லாரும் தேடினோம், ஒன்றும் இல்லை. காரணம் பால். குடிக்கிற பால் இல்லை, ரீவி முறையின் பெயர். இலங்கை, இந்தியா, இங்கிலாந்து எல்லாம் பால், செக்கனுக்கு 25 படம். வட அமெரிக்கா என்ரிஎஸ்சி, செக்கனுக்கு ஏறத்தாழ 30. ஃபிலிமோ 24. பாலுக்கு மாற்றுகிறவர்கள் 24ஐச் சும்மா 25 ஆக வேகமாக ஓட்டிவிடுவார்கள், அதனால் மூன்று மணித்தியாலப் படம் ஏழு நிமிடம் முந்தி முடியும், குரலும் ஒரு பிடி கீச்சென்று ஏறும். என்ரிஎஸ்சியில் சில காட்சித் துண்டுகளை இரட்டித்து நிரப்புவதால் வேகம் மாறாது. அப்பா இது ஒன்றும் தெரியாமலே அன்றிரவு சொன்னார்: "இதிலதான் சிவாஜியின்ர குரல் தியேட்டரில கேட்ட மாதிரி இருக்கு." பத்து வருடமாக நாங்கள் மெல்லிய குரல் சிவாஜியோடு வாழ்ந்திருக்கிறோம்!

புளூரே 2006இல் வந்தது. அதே வருடம் தோஷிபா தரப்பு எச்டி டிவிடி என்ற போட்டித் தட்டை இறக்கி, 2008 மாசியில் கைவிட்டது. அதை நம்பிப் பிளேயரும் படமும் வாங்கின சனத்தின் கதி என்ன என்று கேட்காதீர்கள். புளூரேயிலும் வலயம் உண்டு, கனடா ஏ, இங்கிலாந்து பி, எங்கள் பக்கம் சி. 2016இல் வந்த 4கே தட்டில் அந்த வேலியை எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை.

இனி ஆத்திரத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். ஏன் திரும்பத் திரும்ப வாங்க வைக்கிறார்கள்? பாதி நியாயம், பாதி வியாபாரம். வீட்டுக்கு வீடு ஒரு பிளேயர் வந்துவிட்டால் பிளேயர் விற்கிறவருக்கு வேலை இல்லை, புதிய வடிவம் வந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. படக் கம்பெனிக்கோ, எடுத்து முடித்த பழைய படத்தைப் புதிய தட்டில் திரும்ப விற்பதைப்போலச் சுகமான வருமானம் வேறில்லை. நடிகருக்குச் சம்பளம் இல்லை, செற் போடத் தேவையில்லை. அதனால்தான் ஒரே படம் சாதாரணப் பதிப்பு, சிறப்புப் பதிப்பு, வெள்ளிவிழாப் பதிப்பு என்று அதே வடிவத்துக்குள்ளேயே மூன்று தரம் வரும்.

ஆனால் அவர்களைத் திட்டும்போது ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். எச்டி டிவிடியை விட்டுப் பார்த்தால், வெட்டித் தள்ளியது கசெற்றை மட்டும்தான். டிவிடி பிளேயரில் விசிடி ஓடும், புளூரே பிளேயரில் டிவிடி ஓடும், 4கே பிளேயரில் இரண்டும் ஓடும். அதாவது புதிய பிளேயர் வாங்கினால் பழைய தட்டை எறியத் தேவையில்லை. இது தெரியாமல் பெட்டி பெட்டியாக டிவிடியைப் பழைய சாமான் வியாபாரிக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

எப்போது திரும்ப வாங்கலாம், எப்போது வாங்கக்கூடாது? இங்கேதான் சட்டியும் அகப்பையும். நெகட்டிவ் பத்திரமாக இருந்து, அதைப் புதிதாக ஸ்கான் செய்து, கீறல் தூசி துடைத்துத் தட்டில் போட்டிருந்தால் ஐம்பது அறுபது வருடப் பழைய படம்கூடப் புளூரேயில் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் 35 மில்லிமீற்றர் ஃபிலிமுக்குள் ஏறத்தாழ 4கே அளவுக்கு விபரம் ஒளிந்திருக்கிறது. பழைய படம் என்பதால் மங்கல் என்று நினைப்பது பிழை, நாங்கள் பார்த்த கொப்பிதான் மங்கல். மறுபக்கம், 2000களில் வந்த படங்கள் பலவற்றை ஃபிலிமில் எடுத்தும் கணினியில் 2கே அளவில்தான், அதாவது 4கேயின் பாதி அகலத்தில்தான், முடித்து வைத்தார்கள். அதை 4கே தட்டில் போட்டால் நிறம் கொஞ்சம் வடிவாகலாம், நுணுக்கம் பெரிதாகக் கூடாது. மூன்றாவது வகைதான் எங்களுடைய சோகம். பழைய தமிழ்ப் படங்கள் கனக்கவற்றின் நெகட்டிவ் அழிந்துபோய்விட்டது, மிஞ்சியது தியேட்டரில் ஓடித் தேய்ந்த சுருளோ, ரீவிக்கென்று நாடாவில் எடுத்த பிரதியோதான். அதை எடுத்து, கணினியால் புள்ளியைப் பெருக்கி, "4கே" என்று மேலே எழுதி இணையத்தில் போடுகிறார்கள். புள்ளி கூடியிருக்கும், படம் கூடியிருக்காது. கஞ்சிக்குத் தண்ணீர் விட்ட மாதிரி. முகம் மெழுகுப் பொம்மைபோல வழுவழு என்று இருந்தால், தலைமயிர் ஒரே திட்டாகத் தெரிந்தால், அது பெருக்கிய படம்.

அப்புறம் திரையின் வடிவத்தையும் பாருங்கள். அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரம். இன்றைய ரீவி நீளம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டால்தான் அது ஒழுங்கான பிரதி. பட்டை பிடிக்காது என்று படத்தை இழுத்தால் சிவாஜிக்கு மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு ஒரு மாதம் சாப்பிட்ட உடம்பு வந்துவிடும், மேலும் கீழும் வெட்டினால் தலை போய்விடும். பட்டையில்லாத பழைய படத்துக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். உங்கள் ரீவி 32 அங்குலம், நீங்கள் இருப்பது பத்தடி தள்ளி என்றால் 4கேக்கும் கொடுக்கத் தேவையில்லை. அந்தத் தூரத்தில் புளூரேக்கும் அதற்கும் வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்கக் கண்ணுக்கு வலு இல்லை.

தம்பியின் ஐந்தாவது பிரதிக்கு வருகிறேன். "வாங்கு" என்ற பொத்தானை அமத்தித்தான் காசு கட்டினான். பிறகு வேலைக்கென்று கட்டாருக்குப் போய், கணக்கில் நாட்டை மாற்றினான், படத்தைக் காணவில்லை. கேட்டால் அந்த நாட்டில் அந்தப் படத்துக்கு உரிமை இல்லையாம். இணையத்தில் நீங்கள் வாங்குவது படம் இல்லை, பார்க்கிற அனுமதி. கடைக்கும் படக் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தாலோ கடையே மூடினாலோ அனுமதியும் போகலாம். படக் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலட் என்ற சேவை 2019இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2025 தை மாதத்திலிருந்து ஒரு சட்டம் வைத்திருக்கிறது. தருவது அனுமதி மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக்கூடாது. தட்டு அப்படியில்லை. நாளைக்கு எந்தக் கம்பெனி மூடினாலும் தட்டு உங்கள் வீட்டு அலுமாரியில்தான். தரத்திலும் அப்படித்தான், 4கே தட்டு செக்கனுக்கு 100 மெகாபிற்றுக்கு மேலும் படத் தரவைத் தர வல்லது, இணைய வழியில் 4கே என்று வருவது பெரும்பாலும் அதில் கால்வாசிக்கும் குறைவு.

தட்டும் சாகும், மறைக்கக் கூடாது. உங்களிடம் இருக்கிற தட்டை இப்போதே திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளி நிறமென்றால் பெரும்பாலும் ஆலையில் அச்சடித்தது, ஒழுங்காக வைத்தால் கனகாலம் இருக்கும். ஊதா அல்லது பச்சை ஓடினால் அது கணினியில் எரித்தது, அதில் படம் இருப்பது ஒருவகைச் சாயத்தில், எங்கள் வெக்கைக்கும் வெயிலுக்கும் சாயம் வெளுக்கும். எங்கள் வீட்டில் முதலில் செத்தவை எல்லாம் ஊதாத் தட்டுகள்தான். கசெற்றுக்கு எமன் பூஞ்சணம். கசெற்றின் சின்னக் கண்ணாடியால் உள்ளே பாருங்கள், நாடாவின் விளிம்பில் மா தூவியதுபோல இருந்தால் அதை டெக்கில் போடாதீர்கள், ஹெட்டும் போய்விடும், மற்றக் கசெற்றுகளுக்கும் தொற்றும்.

இதில் அவசரமான ஒன்று இருக்கிறது, அது சினிமாப் படம் இல்லை. படத்தை எப்போதாவது எங்கேயாவது திரும்ப வாங்கலாம். அக்காவின் சாமத்திய வீட்டுக் கசெற்றை எந்தக் கடையிலும் வாங்க ஏலாது. விஎச்எஸ் டெக்கைக் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகள் பழுதாகிக்கொண்டு போகின்றன. ஆகவே கையில் காசிருந்தால் புளூரேயை விடுங்கள், முதலில் வீட்டுக் கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றுங்கள்.

போன கிழமை மாமா ஃபோன் எடுத்தார், இந்த முறையும் நல்லூருக்கு வாறாராம், என்ன கொண்டு வர என்று கேட்டார். "ஓடுற டெக் ஒண்டு கிடைச்சால் கொண்டு வாங்கோ மாமா" என்று வாயெடுத்துவிட்டுத்தான் யோசித்தேன். கனடா டெக் என்ரிஎஸ்சி, எங்கள் கசெற் பால். கரண்டும் அங்கே 120 வோல்ற், இங்கே 230.

"வேண்டாம் மாமா, நீங்கள் சும்மா வாங்கோ. நான் லண்டன் சின்ன மாமியிட்டச் சொல்லுறன்."